சதுரங்கத் தொடரும் அதன் பார்வையாளரும்: பேராக் தமிழர் நிலையிலிருந்து ஓர் ஆய்வு

'தி குயின்ஸ் காம்பிட்' என்னும் ஏழு பகுதித் தொடர் 2020 அக்டோபர் 23ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸில் வெளியானபோது, சதுரங்கக் காயை ஒருமுறைகூடத் தொட்டறியாதவர்களும் அதை ஒரே மூச்சில் பார்த்து முடிப்பார்கள் என்று எதிர்பார்த்தோர் மிகச் சிலரே. வால்டர் டெவிஸ் 1983இல் எழுதிய நாவலைத் திரைக்குக் கொண்டுவர ஆலன் ஸ்காட் பல்லாண்டுகள் முயன்றும் கைகூடாத நிலையில், இயக்குநர் ஸ்காட் ஃபிராங்கின் பொறுப்பில் அது தொடராக உருப்பெற்றது. கென்டக்கி மாநிலத்து அநாதை இல்லத்தில் வளரும் பெத் ஹார்மன் என்னும் சிறுமி, அங்குள்ள துப்புரவுப் பணியாளர் ஷைபலிடம் நிலவறையில் ஆட்டத்தைக் கற்று, இல்லத்தில் கொடுக்கப்படும் மயக்க மாத்திரைகளுக்கும் பின்னர் மதுவுக்கும் அடிமையாகி, அவற்றோடு போராடிக்கொண்டே 1960களின் இறுதியில் மாஸ்கோவில் சோவியத் உலக வெற்றியாளரை எதிர்கொள்கிறாள் என்பதே கதை. தலைப்பு, ஆட்டத்தின் தொடக்க முறைகளுள் ஒன்றின் பெயராகும். வெள்ளைக் காய்களை ஆடுபவர் ராணியின் பக்கத்துச் சிப்பாய் ஒன்றை எதிராளிக்குக் கொடுப்பதுபோல் முன்வைத்து, அதற்கு ஈடாகப் பலகையின் நடுப்பகுதியில் ஆதிக்கம் தேடும் முறை அது.

இத்தொடர் பெற்ற வரவேற்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எண்களிலிருந்து தொடங்குவதால், அவ்வெண்களை முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டியுள்ளது. வெளியான 28 நாட்களில் 6 கோடியே 20 இலட்சம் வீடுகளில் தொடர் பார்க்கப்பட்டதாகவும், 63 நாடுகளில் அது முதலிடம் பெற்றதாகவும் நிறுவனம் அறிவித்தது. ஆனால் அக்காலத்தில் அந்நிறுவனம் கையாண்ட அளவுகோலின்படி, ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து இரண்டு நிமிடம் பார்த்த வீடும் 'பார்த்த வீடு' என்றே கணக்கில் சேர்ந்தது; எனவே அந்த எண் ஆர்வத்தின் பரப்பைக் காட்டுமே தவிர, ஆழத்தைக் காட்டாது. அமெரிக்காவில் தொடர் வெளியான மூன்று வாரங்களில் சதுரங்கப் பலகைகளின் விற்பனை 87 விழுக்காடும் சதுரங்க நூல்களின் விற்பனை 603 விழுக்காடும் உயர்ந்ததாகச் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்று வெளியிட்ட கணக்கும் பலராலும் எடுத்தாளப்படுகிறது. அந்த ஏற்றத்தில் தொடரின் பங்கு எவ்வளவு, பெருந்தொற்றால் வீடடங்கிக் கிடந்த மக்களின் சலிப்பின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காண்பது எளிதன்று. மலேசியாவிலும் 2020 நவம்பர் 9 முதல் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டு, நடமாட்டக் கட்டுப்பாடு பேராக் உள்ளிட்ட மாநிலங்களுக்கு விரிவுபடுத்தப்பட்ட வாரங்களில்தான் தொடரைப் பற்றிய பேச்சு உச்சத்தில் இருந்தது. வெளியே செல்ல இயலாத மாணவன் கைப்பேசியில் சதுரங்கம் ஆடத் தொடங்கியதற்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது ஆய்வாகாது.

பார்வையாளர் எதிர்வினையை ஆராயும் துறைக்கு ஊடக ஏற்பாய்வு என்று பெயர் தரலாம்; ஒரு படைப்பு என்ன சொல்கிறது என்பதைவிட, அதைப் பார்ப்பவர் தம் வாழ்நிலையிலிருந்து அதை என்னவாக ஆக்கிக்கொள்கிறார் என்பதே அதன் கேள்வி. ஸ்டூவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த கருத்தின்படி, பார்வையாளர் ஒரு நிகழ்ச்சியின் உட்கிடையை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி தம் அனுபவத்தோடு பேரம் பேசலாம், அல்லது முற்றாக எதிர்த்து வாசிக்கலாம். ஜாவாவில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த இயன் ஆங், 'டல்லாஸ்' என்னும் அமெரிக்கத் தொடரைப் பற்றி டச்சு மகளிர் இதழ் ஒன்றில் விளம்பரம் கொடுத்துப் பெற்ற 42 கடிதங்களைக் கொண்டு ஒரு நூலே எழுதினார். அதில் அவர் கண்டறிந்த 'உணர்வு மெய்ம்மை' என்னும் கருத்து இங்கே மிகவும் பயன்படும். எண்ணெய்க் கோடீசுவரர்களின் வாழ்க்கை தம் வாழ்க்கையைப் போன்றதல்ல என்பதை அக்கடிதங்களை எழுதியோர் நன்கறிந்திருந்தும், அக்குடும்பத்தின் துயரம் உண்மையானது என்றனர். அதாவது செய்தி பொய்யாக இருப்பினும் உணர்வு மெய்யாக இருக்கலாம். தாமர் லீபெஸ், எலிஹு காட்ஸ் ஆகிய இருவரும் அதே தொடரை இஸ்ரேலில் வாழும் வெவ்வேறு இனக் குழுக்களோடு உட்கார்ந்து பார்த்து 1990இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே காட்சியை அரபு மக்கள் குடும்பக் கதையாகவும் ரஷ்யாவிலிருந்து குடியேறியவர்கள் மறைமுக அரசியல் பிரசாரமாகவும் வாசித்ததைக் காட்டியது. சதுரங்கத் தொடருக்கு எழுந்த எதிர்வினைகளையும் இவ்வாறே யார், எங்கிருந்து பார்த்தார்கள் என்பதைக் கொண்டு வகைப்படுத்தினால்தான் அவற்றின் பொருள் விளங்கும்.

முதல் வகையினர் ஆட்டக்காரர்கள். திரையில் சதுரங்கம் காட்டப்படும்போதெல்லாம் பலகை தவறாகத் திருப்பி வைக்கப்பட்டிருப்பதையும், நடக்கவே முடியாத காய்நிலைகள் தோன்றுவதையும் கண்டு சலித்துப்போயிருந்த இவர்கள், இத்தொடரைக் கண்டு வியந்தனர். முன்னாள் உலக வெற்றியாளர் காரி காஸ்பரோவும் புகழ்பெற்ற பயிற்றுநர் புரூஸ் பண்டோல்ஃபினியும் ஆலோசகர்களாக இருந்ததால், தொடரில் வரும் ஆட்டங்கள் பெரும்பாலும் மெய்யாக ஆடப்பட்டவற்றின் வழி அமைந்தன. மாஸ்கோவில் பெத் ஆடும் இறுதி ஆட்டம், 1993இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் பாட்ரிக் வோல்ஃபும் வாசிலி இவான்சுக்கும் ஆடி வெற்றி தோல்வியின்றி முடித்த ஆட்டத்தை அடியாகக் கொண்டு, ஒரு கட்டத்துக்குப் பின் காஸ்பரோவ் கண்டுபிடித்த வெற்றி வழிக்குத் திருப்பப்பட்டது. இவ்வளவு நுணுக்கத்தையும் பாராட்டிய அதே ஆட்டக்காரர்கள், காய்கள் வேகமாக நகர்கின்றன, எதிராளிகள் பலகையை விட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், சமநிலை முடிவுகள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று குறைபட்டுக்கொண்டனர். உயர்நிலைப் போட்டிகளில் பெரும்பான்மை ஆட்டங்கள் சமநிலையில் முடிவதால், இந்தக் கடைசிக் குறை நியாயமானதே; ஆயினும் ஏழு பகுதிகளில் ஐந்தைச் சமநிலைகளுக்கு ஒதுக்கும் தொடரை ஆட்டக்காரர்களேகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாடகத்தின் வெற்றிக்கும் மெய்யான வெற்றிக்கும் உள்ள இடைவெளியை நான்கு ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூர் காட்டியது. ஈப்போவிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் விடிவதற்குள் சென்றடையக்கூடிய அந்நகரில், 2024 டிசம்பர் 12ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த 18 வயது டி. குகேஷ் சீனாவின் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். பதினான்காம் ஆட்டமாகிய அந்தக் கடைசி ஆட்டம் சமநிலையை நோக்கி அமைதியாகச் சென்றுகொண்டிருந்தபோது, டிங் தம் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்த, அதைக் கண்டுகொண்ட குகேஷ் ஆட்டத்தை வென்று கண்கலங்கினார். அந்த முடிவைச் சில மூத்த ஆட்டக்காரர்கள் ஏளனமாகப் பேசினர்; தொடரைப் பார்த்துப் பழகிய கண்களுக்கும், மின்னலடிக்கும் ஒரு நகர்வின்றி, களைத்துப்போன ஒருவரின் பிழையால் உலகப் பட்டம் கைமாறுவது ஏமாற்றமாக இருந்திருக்கக்கூடும். இருப்பினும் ஐந்து மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், எதிராளி தவறும் கணத்தில் விழித்திருப்பதும் ஆட்டத்தின் திறன்களே என்பதை நாடகம் சொல்வதில்லை.

இரண்டாம் வகை எதிர்வினை பெண்களைப் பற்றியது. தொடர் எழுப்பிய விவாதங்களுள் மிகவும் கனமானதும் இதுவே. ஹங்கேரியின் ஜூடித் போல்கர், 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்று அதுவரை பாபி ஃபிஷர் வசமிருந்த இளவயதுச் சாதனையை முறியடித்தவர், பின்னர் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்ந்தவர். கிராண்ட்மாஸ்டர் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு வழங்கும் மிக உயர்ந்த பட்டமாகும். இன்றும் அதைப் பெற்ற பெண்கள் உலகெங்கும் நாற்பது சொச்சம் பேரே. அத்தகைய போல்கர், தொடரில் வரும் ஆண்கள் பெத்திடம் மெய்வாழ்வில் காணாத கண்ணியத்தோடு நடந்துகொள்கிறார்கள் என்று கருத்துரைத்தார். தோற்ற பின் கைகுலுக்க மறுத்தவர்களையும் அவர் தம் வாழ்வில் சந்தித்திருந்தார். தோற்கும் ஆண்கள் பலரும் பெத்தின் நண்பர்களாகவோ காதலர்களாகவோ மாறிவிடும் தொடரின் அமைப்பு, பெண் பார்வையாளர் பலருக்கு ஆறுதலாக இருந்ததற்கும் பெண் ஆட்டக்காரர் சிலருக்கு எரிச்சலாக இருந்ததற்கும் காரணம் ஒன்றே.

ஜார்ஜியாவின் நோனா கப்ரிந்தாஷ்விலியின் எதிர்வினை நீதிமன்றம் வரை சென்றது. 1962 முதல் 1978 வரை மகளிர் உலக வெற்றியாளராக விளங்கி, கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் ஆன அவரைப் பற்றி, இறுதிப் பகுதியில் வரும் வருணனையாளர் ஒருவர், அவர் ஆண்களை எதிர்த்து ஆடியதே இல்லை என்று போகிறபோக்கில் கூறுகிறார். கதை நடக்கும் 1968க்குள் அவர் குறைந்தது 59 ஆண் ஆட்டக்காரர்களை எதிர்கொண்டிருந்தார். டெவிஸின் நாவலும் அவ்வாறு கூறவில்லை, மாறாக அவர் சோவியத் கிராண்ட்மாஸ்டர்களோடு பலமுறை மோதியவர் என்றே குறிப்பிடுகிறது. ஒரு கற்பனைப் பெண்ணை முதலாமவளாக்குவதற்காக மெய்யான முதலாமவரின் வாழ்நாள் உழைப்பு அழிக்கப்பட்டது என்று 80 வயதில் அவர் 2021 செப்டம்பரில் வழக்குத் தொடுத்தார். கதை கற்பனை என்பதால் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற வாதத்தை அமெரிக்க நீதிபதி ஏற்க மறுத்தார். 2022 செப்டம்பரில் இருதரப்பும் இணக்கம் கண்டன. பார்வையாளர் எதிர்வினை என்ற சொல்லை வழக்கமாகச் சுவைப்பவரின் கருத்து என்று மட்டும் புரிந்துகொள்வோர், கதைக்குள் பெயரோடு இழுக்கப்பட்டவரும் ஒரு பார்வையாளரே என்பதை இவ்வழக்கிலிருந்து அறியலாம்.

மலேசியப் பார்வையாளருக்கு இந்த விவாதம் தொலைதூரத்ததன்று. தொடர் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2017 ஏப்ரலில், புத்ராஜெயாவில் நடைபெற்ற பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டியில், 12 வயதுச் சிறுமி ஒருவர் முழங்கால் அளவு உடை அணிந்திருந்தது கவர்ச்சியாக உள்ளதாகக் கூறப்பட்டுப் போட்டியைவிட்டு விலக நேர்ந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்து, உலக ஊடகங்கள் வரை பேசப்பட்டது. அன்யா டெய்லர்-ஜாய் ஏற்ற பெத் கதாபாத்திரத்தின் உடைகளை உலகமே கொண்டாடியபோது, பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உடையைப் பற்றிய இந்தச் சர்ச்சையை நினைவில் வைத்திருந்தோர் அக்கொண்டாட்டத்தில் முழுமனத்தோடு கலந்துகொண்டிருக்க இயலாது. ஹால் சொன்ன 'பேரம் பேசும் வாசிப்பு' இங்கே தானாகவே நிகழ்கிறது.

பெண் சதுரங்கத்தின் மெய்யான வரலாறு தனிமேதையரின் வரலாறன்று என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஜார்ஜியாவில் மணப்பெண்ணின் சீர்வரிசையில் சதுரங்கப் பலகையும் இடம்பெற்றது என்று சொல்லப்படும் அளவுக்கு ஆட்டம் குடும்ப வழக்கோடு கலந்திருந்தது. அதன்மேல் சோவியத் அரசின் பயிற்சி அமைப்பும் சேர்ந்தது. ஜார்ஜியப் பெண்களின் நீண்ட ஆதிக்கத்தை 1991இல் முறித்த சீனாவின் ஷியே ஜுன், திட்டமிட்ட முயற்சி ஒன்றின் விளைவாக வந்தவர். சீனாவை உலகச் சதுரங்க வல்லரசாக்க 1970களில் வகுக்கப்பட்ட 'பெரும் நாகத் திட்டம்', முதலில் பெண்களை வளர்ப்பது, பின்னர் ஆண்களை என்று வரிசை கொண்டிருந்தது. அத்திட்டத்தை முன்மொழிந்து ஊக்கியவர் மலேசியத் தொழிலதிபர் டத்தோ டான் சின் நாம் என்ற செய்தி, இந்நாட்டிலேயே போதிய அளவு பேசப்படாதது வியப்புக்குரியது. சீனப் பெண்களை உலக உச்சிக்கு ஏற்றிய சிந்தனை கோலாலம்பூரில் இருந்தது. ஆனால் அந்தச் சிந்தனை பேராக்கின் தோட்டப் பள்ளிகள் வரை நடந்து வரவில்லை.

மூன்றாம் வகை எதிர்வினை மேதைமை பற்றியது. மாத்திரை விழுங்கியதும் கூரையில் காய்கள் நகர்வதைக் காணும் பெத், போதையையும் ஆற்றலையும் ஒன்றாக்கிக் காட்டுகிறாள் என்று பலர் கண்டித்தனர். சிறுவயதில் நோயுற்று மருத்துவமனையில் மருந்து மயக்கத்தில் கிடந்த டெவிஸின் சொந்த அனுபவமே அதன் வேர் என்று வேறு சிலர் விளக்கினர். அநாதை இல்லத் தோழியான கறுப்பினப் பெண் ஜோலின், பெத்துக்குத் தேவைப்படும் நேரத்தில் தோன்றி, சட்டக் கல்விக்காகச் சேர்த்து வைத்த தன் பணத்தைக் கொடுத்துவிட்டு மறைவது, வெள்ளையரின் வெற்றிக்குக் கறுப்பினத்தவரைத் துணைப்பொருளாக்கும் பழைய வழக்கமே என்ற விமர்சனமும் வலுவாக எழுந்தது. இவை அனைத்தும் சரியே. ஆனால் தொடரைத் தனிமேதையின் கதை என்று புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் ஒருசேரக் கவனியாத ஒன்று உண்டு: இத்தொடர் பணத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறது. முதல் போட்டிக்கான நுழைவுக் கட்டணம் ஐந்து டாலர் பெத்திடம் இல்லை; வென்றால் பத்தாகத் திருப்பித் தருவதாகக் கடிதம் எழுதி, துப்புரவுப் பணியாளர் ஷைபலிடம்தான் அவள் அதைப் பெறுகிறாள். மாஸ்கோ பயணத்துக்குப் பணம் தர முன்வந்த மத அமைப்பு, அதற்கு ஈடாகக் கம்யூனிச எதிர்ப்பு அறிக்கை ஒன்றை வெளியிடக் கேட்கிறது, அவள் மறுக்கிறாள், அந்த இடைவெளியைத்தான் ஜோலினின் சேமிப்பு நிரப்புகிறது.

இறுதி ஆட்டமோ தனிமேதை என்னும் கருத்தையே கைவிடுகிறது. அக்கால வழக்கப்படி ஆட்டம் நீண்டால் அன்றைக்கு நிறுத்தப்படும்; நிறுத்துபவர் தம் அடுத்த நகர்வைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒப்படைப்பார்; மறுநாள் அதிலிருந்து ஆட்டம் தொடரும். இதற்கு ஒத்திவைப்பு என்று பெயர். சோவியத் ஆட்டக்காரர்கள் அந்த இரவில் கூடியமர்ந்து நிலையை ஆராய்வார்கள், அமெரிக்கர்களோ தனித்தனியாக விழுவார்கள் என்று தொடர் முன்னமே சொல்லிவைக்கிறது. இறுதியில் பெத்திடம் தோற்ற பழைய நண்பர்கள் நியூயார்க்கில் ஒன்றுகூடித் தொலைபேசியில் அவளுக்கு வழிசொல்கிறார்கள். சோவியத் கூட்டு முறையை ஓர் அமெரிக்கத் தொடர் தன் வெற்றிக் காட்சியில் கடன்வாங்கிக் கொள்கிறது என்பது சுவையான முரண்.

மேதைமைக்குப் பின்னால் பிறரின் துணை இருக்கிறது என்னும் இந்த வாசிப்பையே தமிழ்க் குடும்பங்களின் சதுரங்க வரலாறும் உறுதிப்படுத்துகிறது. அதில் தொலைக்காட்சிக்கும் எதிர்பாராத இடமுண்டு. மயிலாடுதுறையில் 1969இல் பிறந்து சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த், தந்தையின் இரயில்வேப் பணி காரணமாக மணிலாவில் சில காலம் வாழ்ந்தபோது, அங்கே நண்பகல் வேளையில் ஒளிபரப்பான சதுரங்க நிகழ்ச்சியில் நாள்தோறும் ஒரு புதிர் கொடுக்கப்பட்டது. மகன் பள்ளியில் இருக்கும் நேரமாதலால் தாய் சுசீலா புதிரை எழுதிவைப்பார். மாலையில் இருவரும் தீர்த்து விடையை அனுப்புவார்கள். பரிசு நூல்களைத் திரும்பத் திரும்ப வென்றதால், வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்ப வேண்டாம் என்று நிகழ்ச்சியினரே கேட்டுக்கொண்டதாக ஆனந்த் நினைவுகூர்ந்துள்ளார். சென்னையின் ஆர். வைஷாலியோ சிறுமியாக இருந்தபோது தொலைக்காட்சி முன் அதிக நேரம் உட்கார்ந்திருந்ததால், அதிலிருந்து விடுவிக்கவே பெற்றோர் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அக்காளைப் பார்த்து ஆடத் தொடங்கிய தம்பி பிரக்ஞானந்தா 12 வயதில் கிராண்ட்மாஸ்டரானார். வைஷாலி 2023இல் அப்பட்டத்தை எட்ட, உலகிலேயே அப்பட்டம் பெற்ற முதல் அக்காள் தம்பி இணையாக இருவரும் ஆயினர். ஒரு வீட்டில் தொலைக்காட்சி ஆட்டத்தைக் கொண்டுவந்தது, மற்றொன்றில் தொலைக்காட்சியைத் துரத்த ஆட்டம் வந்தது. இரண்டிலும் மாறாதது, பிள்ளையின் பக்கத்தில் நேரம் செலவிட்ட தாய். பிரக்ஞானந்தாவுடன் நாடு நாடாகச் சென்று சமைத்துக் கொடுத்த தாய் நாகலட்சுமியின் படம் 2023 உலகக் கோப்பையின்போது பரவியதும், குகேஷுக்காகத் தந்தை தம் மருத்துவத் தொழிலை நிறுத்திவைத்ததும் அறிந்த தமிழ்ப் பார்வையாளருக்கு, வளர்ப்புத் தாய் ஒருத்தியைத் தவிர யாருமின்றிப் போட்டி போட்டியாகச் செல்லும் பெத் ஒரு விந்தைப் பிறவியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டினர் என்ற நிலைக்குப் பின்னால், 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் உருவான தால் சதுரங்கக் கழகமும், மானுவல் ஆரோன் போன்ற முன்னோடிகளும், ஆட்டக்காரப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவில் சலுகை தந்த பள்ளிகளும், 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்திய மாநில அரசும் இருக்கின்றன.

பேராக் தமிழரின் நிலை இதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. 1877இல் கோலகங்சாரில் இரப்பர் கன்றுகள் நடப்பட்டதிலிருந்து தொடங்கிய தோட்ட வரலாற்றில், வரிசையாக அமைந்த லயத்து வீடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, கோயில், கள்ளுக்கடை, ஐந்து வகுப்புகளே கொண்ட பள்ளி என்று ஒரு முழு உலகமும் கம்பெனியின் வேலிக்குள் அடங்கியிருந்தது. பொழுதுபோக்கு என்பது காற்பந்து, சடுகுடு, கேரம், தாயம், திருவிழாக் காலத் திரைப்படம் ஆகியவற்றோடு நின்றது. மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கிய பின்பும், தோட்டத்து மின்னாக்கி ஓடும் சில மணி நேரத்தில், மன்றத்திலோ வசதியுள்ள ஒரு வீட்டிலோ இருந்த ஒற்றைப் பெட்டியின் முன் அனைவரும் கூடிப் பார்ப்பதே வழக்கமாக இருந்தது. இந்தக் கூட்டுப் பார்வையில் எதிர்வினை என்பது பார்த்த பின் எழுதும் கருத்தன்று, பார்க்கும்போதே உரக்கச் சொல்லும் ஏச்சும் அழுகையும் ஆகும். இரப்பர் செம்பனையாக மாறி, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டு மனைகளாகியும் போக, குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங், சுங்கை சிப்புட், செம்மோர் முதலிய இடங்களின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் பெயர்ந்தன. 1996இல் வந்த அஸ்ட்ரோ வானவில் அலைவரிசை தமிழ்த் தொடர்களை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுவந்தது. அதன்பின் வந்த நெட்ஃபிளிக்ஸ் ஒவ்வொருவரின் கைக்கும் ஒரு திரையைத் தந்தது. மாலைதோறும் மாமியார் மருமகள் தொடரைப் பார்க்கும் பாட்டியும், அடுத்த அறையில் பெத்தின் கதையைத் தனியே பார்க்கும் பேத்தியும் ஒரே வீட்டில் வாழ்வது இன்றைய நிலை. அவர்களுக்கிடையே பெத்தின் தொடரைப் பற்றிப் பேச்சே நடக்காதிருப்பதுதான் ஏற்பாய்வுக்கு இங்கே பெரிய சிக்கல்.

ஆயினும் முன்னாள் தோட்டச் சமூகத்தின் நினைவிலிருந்து இத்தொடரை வாசிக்கும்போது, பிற இடத்தார் கடந்துபோன காட்சிகள் முன்னுக்கு வருகின்றன. நிர்வாகம் வகுத்த ஒழுங்குக்குள் வளரும் பிள்ளை, அங்கே கடைநிலை வேலை பார்க்கும் ஒருவரிடம் அறிவைப் பெறுவது தோட்டத்தார் அறியாத கதையன்று. பால்மரம் வெட்டிவிட்டு வந்து மாலையில் பிள்ளைகளுக்குத் தேவாரமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர்கள் எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் இல்லை. தன் மாணவியைப் பற்றிய செய்தித்தாள் துணுக்குகளை நிலவறைச் சுவரில் ஒட்டிவைத்து, அவள் திரும்பி வருமுன்னரே இறந்துபோகும் ஷைபல், இந்தப் பின்னணியில் துணைப்பாத்திரமாக அல்ல, கதையின் மையமாகவே தெரிவார். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்' திரைப்படம், தோட்டத்தைவிட்டு வந்த குடும்பத்தில் கற்பனை வளம் மிக்க ஒரு சிறுவனின் அறிவு, அதை இனங்காண ஆளில்லாமல் அடியும் உதையும் பட்டு வன்முறைக் கும்பலை நோக்கி நழுவுவதைக் காட்டியது. அந்தச் சிறுவனுக்கு ஒரு ஷைபல் வாய்க்கவில்லை என்பதே இரு படைப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு.

உலகப் பார்வையாளரின் தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. மீரா நாயர் இயக்கத்தில் 2016இல் வெளிவந்த 'குயின் ஆஃப் காட்வே', உகாண்டாவின் கம்பாலா நகரச் சேரியில் சோளம் விற்ற ஃபியோனா முடேசி என்னும் மெய்யான பெண்ணின் கதை. பயிற்றுநர் ராபர்ட் கட்டெண்டே கொடுத்த ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. ஒன்றரைக் கோடி டாலர் செலவில் உருவான அப்படம் திரையரங்குகளில் ஏறத்தாழ ஒரு கோடி டாலரே ஈட்டியது. கட்டணம், பசி, வெள்ளத்தில் மூழ்கும் வீடு என்று எல்லாவற்றையும் நேர்படக் காட்டிய மெய்க்கதையை உலகம் கடந்துபோய், அழகிய உடைகளும் ஓட்டல் அறைகளும் நிறைந்த கற்பனைக் கதையைக் கொண்டாடியது. இரண்டையும் பார்க்கும் பேராக் தமிழர், தம் பள்ளியின் கூடுதல் உணவுத் திட்டத்தை நினைவூட்டும் முன்னதைத்தான் அருகில் உணர வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஆய்வாளரின் ஆசை மட்டுமே. தம் வறுமையைத் திரையில் மீண்டும் காண விரும்பாத பார்வையாளரின் உரிமையும் மதிக்கப்பட வேண்டியது.

பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; நாட்டின் மாநிலங்களுள் இதுவே மிகுதி. அவற்றுள் பல, 150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட 'குறைந்த மாணவர் பள்ளிகள்' என்ற பிரிவில் வருபவை. சதுரங்கம் புறப்பாட நடவடிக்கையாகவும், பள்ளிகளுக்கிடையிலான விளையாட்டு மன்றத்தின் போட்டிகளில் மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற படிநிலைகளோடும் இடம்பெறுவதால், முதல் படியில் ஏறுவதற்கு வழி இருக்கிறது. பலகையும் காய்களும் மலிவானவை; கால்பந்துக்குத் திடல் வேண்டும், இதற்கு ஒரு மேசை போதும்; பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கு இதைவிடப் பொருந்தும் விளையாட்டு அரிது. தடை எழுவது இரண்டாம் படியில்தான். தரப்புள்ளி வழங்கும் போட்டிகள், அதாவது ஆட்டக்காரரின் வலிமையை எண்ணால் குறித்து உலகப் பட்டியலில் சேர்க்கும் போட்டிகள், பெரும்பாலும் கோலாலம்பூர் வட்டாரத்தில் நடப்பவை. சுங்கை சிப்புட்டிலிருந்து அங்கே செல்வதென்றால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், தங்குமிடம், நுழைவுக் கட்டணம், பெண்பிள்ளையாயின் உடன் செல்லும் ஒருவரின் வேலை நாள் இழப்பு என்று செலவு அடுக்கிக்கொண்டே போகும். தொடரைப் பார்த்து ஆர்வம் கொண்ட பிள்ளை இணையத்தில் ஆடிக் கற்கலாம். ஆனால் இணைய வெற்றிகள் அத்தரப்புள்ளியைத் தருவதில்லை.

எனவே இத்தொடரின் எதிர்வினைகளுள் ஆட்டம் சரியாகக் காட்டப்பட்டதா என்ற கேள்விக்கு ஆட்டக்காரர்களும், பெண்ணின் பாதை சரியாகக் காட்டப்பட்டதா என்ற கேள்விக்கு போல்கரும் கப்ரிந்தாஷ்விலியும் விடை சொல்லிவிட்டனர். அந்த ஐந்து டாலரை யார் கொடுப்பது என்ற மூன்றாம் கேள்வி, தொடர் எழுப்பியும் பார்வையாளர் எடுத்துக்கொள்ளாதது. அதைக் கேட்கும் தகுதி பேராக்குக்கு உண்டு. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், அவர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவிய துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர். தோட்டத்தையே கூட்டாக வாங்கத் துணிந்த சமூகத்துக்குப் போட்டிக் கட்டணமும் வேன் வாடகையும் பெரிய தொகையல்ல. தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் தம் ஆண்டுக் கணக்கில் சதுரங்கப் பயணச் செலவு என்று ஒரு தலைப்பைச் சேர்த்து, மாவட்ட அளவில் வென்ற பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, ஒரு பெரியவரின் துணையோடு அடுத்த போட்டிக்கு அனுப்ப முன்வர வேண்டும்.